கோலேந்திய கையும் வெறுங்கையும்

எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபையின் பாடகர்களான தெப்தெராக்கள் ஆடத் தொடங்கும்போது, அது ஆட்டம் என்றே முதலில் தோன்றாது. வெள்ளாடை அணிந்து எதிரெதிராக இரு வரிசையில் நிற்கிறார்கள். கையில் நெடிய கோல். மணிக்கணக்கில் நீளும் வழிபாட்டில் சாய்ந்து நிற்கவும் அதுதான் துணை. பாட்டின் போக்கில் கோல் மெல்ல அசைகிறது, கூடவே உடலும். பிறகு கையில் ஏந்திய உலோகக் கிலுக்கு சேர்கிறது. கெபெரோ முரசு அதிர, நடை ஏறுகிறது. கைதட்டலும் துள்ளலுமாக உச்சத்தைத் தொடுகிறது.

அக்வாக்வாம் எனும் இந்த ஆடல்முறையில் தேர ஆண்டுக்கணக்கில் ஆசிரியரிடம் பயில வேண்டும். கோண்டார் நகரம் அதற்குப் பேர்பெற்றது. திருச்சபை இசையின் தந்தையாகப் போற்றப்படும் 6ஆம் நூற்றாண்டின் யாரெட் பாடியபோது, கேட்டு லயித்த அரசரின் ஈட்டி அவர் பாதத்தில் இறங்கியதாம், இருவருமே உணரவில்லையாம். தன்னை மறந்த அந்த நிலையைத்தான் இந்த மரபு நாடுகிறது.

அமெரிக்காவின் ஷேக்கர்கள் எனும் கிறித்தவச் சபையினர் எதிர்த்திசையிலிருந்து வந்தவர்கள். மான்செஸ்டரில் பிறந்த ஆன் லீ 1774இல் சிறு குழுவோடு நியூயார்க் சேர்ந்தார். தூய ஆவி உலுக்கியபடியெல்லாம் அவரவர் ஆடினார்கள். அடவும் இல்லை, வரிசையும் இல்லை. 1784இல் அவர் மறைந்தார். பின்னர் தலைமைக்கு வந்த ஜோசப் மீச்சம் ஆடலுக்கு ஒழுங்கு வகுத்தார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வாத்தியம் கிடையாது, வாய்ப்பாட்டு மட்டுமே. உள்ளங்கையைக் கீழ்நோக்கி உதறினால் பாவம் நீங்குகிறது. மேல்நோக்கி ஏந்தினால் அருள் இறங்குகிறது. எல்லாரும் ஆடுவதற்காகவே தொழுகைக் கூடங்களை நடுவில் தூண் இல்லாமல் கட்டினார்கள்.

தியானம் என்று பார்த்தால் என் மனம் எத்தியோப்பியாவின் பக்கமே சாய்கிறது. அசைவின்மையிலிருந்து அசைவு பிறப்பதற்கு அங்கே நேரம் கொடுக்கிறார்கள். பரவசத்தை யாரும் அவசரப்படுத்துவதில்லை. ஷேக்கர்களோ பொங்கிய பரவசத்துக்குப் பிறகே கரை கட்டினார்கள். ஆனாலும் அவர்களிடம் ஒரு பெருமை உண்டு: ஆணும் பெண்ணுமாகச் சபையே ஆடியது. அக்வாக்வாம் ஆடுவோர் பயிற்சி பெற்ற ஆண்கள்.

துறவு பூண்ட ஷேக்கர்களுக்கு வாரிசுகள் இல்லை. புதியவர்கள் வருவது குறைந்து இருந்தவர்களுக்கு முதுமை ஏற, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் ஆடல் நின்றுபோனது. பாடல்கள் மட்டும் எஞ்சின. எத்தியோப்பியாவிலோ ஆண்டுதோறும் ஜனவரியில் திம்கெத் திருவிழாவின்போது, உடன்படிக்கைப் பேழையின் சின்னமான தாபோத்தின் முன் தெப்தெராக்கள் ஆடிச் செல்கிறார்கள். பேழையின் முன் ஆடிய தாவீது அரசரே அவர்களுக்கு முன்னோடி.