தமிழ்க் கோப்புகளும் மென்பொருள் தேர்வும்: ஒரு வரலாற்றுப் பார்வை

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்த தமிழ்த் தேர்வுத்தாளை இன்றைய கணினியில் திறப்போமாயின், பல வேளைகளில் தமிழைக் காண்பதில்லை. பொருளற்ற உரோமன் எழுத்துகளையும் குறிகளையுமே காண்கிறோம். கோப்பு அழியவில்லை, அதைப் படிக்கும் வழியே தொலைந்துபோயிற்று. இந்நிலை நேர்ந்த வரலாற்றை அறிந்தால், எவ்வகை மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்னும் வினாவிற்கும் விடை கிடைக்கும்.

1980களின் நடுவில் மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி கணியனை அமைத்தார். தமிழகத்திலும் பிற நாடுகளிலும் பலர் தத்தம் எழுத்துருக்களை ஆக்கினர். தமிழைத் திரைக்குக் கொணர்ந்த இம்முன்னோடிகளின் உழைப்பு பெரிது. ஆயினும், அன்றைய எட்டு பிட் முறையில் 256 இடங்களே இருந்தன. ஆங்கிலத்திற்கு உரியவை போக எஞ்சிய இடங்களில் தமிழின் 247 எழுத்துகளும் அடங்கா. எனவே எழுத்துகளைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொருவரும் தமக்கேற்றவாறு எண் வகுத்தனர். ஒரு முறையில் ககரத்தைக் குறித்த எண் மற்றொன்றில் வேறோர் எழுத்தைக் குறித்தது.

இதன் விளைவை அன்றாடப் பணியில் உணர்ந்தோம். மடல் பெறுபவரிடம் அதே எழுத்துரு இல்லையெனில் மின்னஞ்சலைப் படிக்க இயலாது. ஆதலால் சிலர் தமிழை உரோமன் எழுத்தில் எழுதினர். சிலர் பக்கத்தைப் படமாக்கி அனுப்பினர். கோப்புகளுக்கும் ஆங்கில எழுத்திலேயே பெயரிட்டோம். ‘கொ’ என்னும் எழுத்து ஒற்றைக்கொம்பு, ககரம், துணைக்கால் எனத் தட்டச்சுப்பொறியின் வரிசையிலேயே பதிவானதால், அகரவரிசைப்படுத்தலும் தேடலும் பிழைபட்டன.

1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாடு பொதுத் தரத்தின் தேவையை வலியுறுத்தியது. தொடர்ந்து, பல நாட்டு அறிஞர்கள் மின்னஞ்சல்வழி விவாதித்துத் திஸ்கி குறியீட்டை வகுத்தனர். 1999 சென்னை மாநாடு டாம், டாப் குறியீடுகளை முன்வைத்தது. 2000இல் சிங்கப்பூரில் உத்தமம் அமைப்பு உருப்பெற்றது. இதற்கிடையில், 1991இலேயே ஒருங்குறி தமிழுக்கென 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. விண்டோஸ் 2000 முதலிய இயங்குதளங்கள் அதனை ஏற்ற பின்னரே அது படிப்படியாகப் பரவியது. அதில் மெய்யெழுத்தின் குறியீட்டை அடுத்தே உயிர்க்குறி பதிவாகிறது. கோப்பின் பெயரும் தமிழிலேயே அமைகிறது.

1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் நமக்கு நல்ல சான்று. பழைய குறியீடுகளில் இட்ட இலக்கிய நூல்களை அதன் தொண்டர்கள் ஒருங்குறிக்கு மாற்றினர். அதனால் அவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

ஆகவே, தோற்றத்தையும் விலையையும் காண்பதற்கு முன் மூன்றை ஆராய வேண்டும். மென்பொருள் தமிழை ஒருங்குறியில் சேமிக்கிறதா? அதில் உருவான கோப்பைப் பிற மென்பொருளிலும் திறக்க இயலுமா? தமிழ்ச் சொல்லை இட்டுத் தேடினால் உரிய கோப்பும் மடலும் கிடைக்கின்றனவா? இவற்றுள் ஒன்றுக்கேனும் ‘இல்லை’ என்பது விடையாயின், அம்மென்பொருளைத் தவிர்ப்பதே நன்று.

பழைய கோப்புகளை வைத்திருப்போர், அவற்றில் பயன்படுத்திய எழுத்துருவின் பெயரை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். அப்பெயர் தெரிந்தால் குறியீடு மாற்றும் பணி எளிதாகும். தட்டச்சு செய்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இப்பணியை முடிப்பது நம் கடமை.