மருத்துவிச்சியின் நம்பிக்கையும் மிஸ்ஸியின் நம்பிக்கையும்

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நீளும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில், பிள்ளைப்பேறு ஒரு காலத்தில் பெண்ணின் சொந்த வீட்டில் நடந்த காரியம். சீதனமாகக் கிடைத்த வீடு அவளுடையது. மாப்பிள்ளைதான் வந்து சேர்ந்தவர். உம்மாவும் சாச்சியும் மூத்தம்மாவும் அதே வளவில் அல்லது பக்கத்து வளவில் இருந்தார்கள். மருத்துவிச்சி வருவாள், ஓதிய தண்ணீர் வரும், இஸ்ம் எழுதிக் கட்டுவார்கள், வலி நீண்டால் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக்கு, நாகூர் ஆண்டகை பேரில் நேர்ச்சை வைப்பார்கள். பிள்ளை பிறந்த பிறகு சரக்கு அரைத்துக் கொடுப்பது, நாவூறு கழிப்பது, நாற்பது நாள் காப்பது எல்லாம் உண்டு. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 1982இல் வெளியான தம் கட்டுரையொன்றில் இக்கரையின் தமிழரும் சோனகரும் கருவுறுதல் பற்றிக் கொண்டிருந்த எண்ணங்களை ஒருசேர எழுதினார். உடலின் சூடு, குளிர்ச்சி என்று வரும்போது கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் இடையிலான தூரம் அவ்வளவு பெரிதல்ல. இன்று பேறு அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலைக்கோ போய்விட்டது. இந்த மாற்றத்தைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லும் கதை, மூடநம்பிக்கை வீட்டிலேயே தங்கிவிட்டது, அறிவியல் விடுதியில் வாழ்கிறது என்பது. அதில் பாதிதான் உண்மை. வைத்தியசாலையும் தனக்கென்று நம்பிக்கைகளை வளர்த்துக்கொண்டது. அவற்றுக்கு வெள்ளைச் சீருடை இருந்ததால் யாரும் மூடநம்பிக்கை என்று அழைக்கவில்லை.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கொழும்பில் டி சொய்சா பிரசவ வைத்தியசாலை 1879இல் திறக்கப்பட்டது. களுத்துறையில் 1926இல் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கி, பயிற்சி பெற்ற மருத்துவ மாதர் வீடு வீடாகப் போகும் முறை அதிலிருந்து நாடெங்கும் பரவியது. 1930களில் இலங்கையில் 100,000 பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அண்மைக் காலத்தில் அது 30, 40 என்ற அளவில் நிற்கிறது. 1969இல் கர்ப்பிணிகளுக்கு ஏற்பு வலித் தடுப்பூசி போடத் தொடங்கியது, தொப்புள் புண்ணில் கண்டதைப் பூசியதால் பிள்ளைகளுக்கு வந்த ஏற்பு வலியைக் குறைத்தது. பழைய பேற்றறையை நினைத்து ஏங்குகிறவர்கள் இந்த எண்களை ஒருமுறை நிதானமாகப் படிக்கட்டும். அந்த அறையில் இறந்த பெண்கள் ஏக்கத்தோடு எதையும் எழுதிவைக்கவில்லை.

ஆனால் இந்த உயிர்களைக் காத்தது கிருமி நீக்கம், இரத்தம் ஏற்றுதல், அறுவைச் சிகிச்சை, தடுப்பூசி, சரியான நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தல் ஆகியவை. அதே விடுதிகளில் அதே உறுதியோடு வேறு சிலவும் செய்யப்பட்டன. வலியோடு வரும் பெண்ணின் மறைவிட உரோமத்தை மழிப்பதும், எனிமா கொடுத்துக் குடலைக் கழுவுவதும் இருபதாம் நூற்றாண்டில் உலகின் பல பிரசவ விடுதிகளில் வழக்கமாக இருந்தன. மழித்தால் தொற்று குறையும் என்பது காரணம். 1922இலேயே அமெரிக்காவில் ஜான்ஸ்டன், சிடால் என்ற இருவர் 389 பெண்களை வைத்துச் சோதித்து, மழிப்பதால் நன்மை எதுவும் தென்படவில்லை என்று எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனம் இவ்விரண்டையும் கைவிட வேண்டிய பழக்கங்களின் பட்டியலில் சேர்த்தது 1996இல். இடையில் 74 ஆண்டுகள்! கத்தி ஓடிக்கொண்டே இருந்தது. தொப்புள்கொடிக் கதையும் அப்படித்தான். நஞ்சுக்கொடி விழும்வரை தொப்புள்கொடியை அறுக்காமல் இருப்பது தென்னாசிய மருத்துவிச்சிகளிடம் பரவலாக இருந்த வழக்கம். விடுதி அதை அறியாமை என்று ஒதுக்கி, பிள்ளை பிறந்த உடனே கொடியைக் கவ்வி வெட்டியது. ஒரு நிமிடத்துக்கு முன் வெட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2012இல் பரிந்துரைத்தது. பிள்ளைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது என்ற விதியைப் பேரீச்சம்பழத்தை மென்று தடவும் மூத்தம்மாவுக்கு எதிராகச் சொல்லப்பட்டதாகவே நாம் நினைக்கிறோம். ஆனால் அந்த விதி அடங்கிய, 1989இல் வெளியான தாய்ப்பாலூட்டலுக்கான பத்து அம்சங்கள் எழுதப்பட்டது பிரசவ விடுதிகளுக்கு. குளுக்கோஸ் தண்ணீரும் மாப்பாலும் கொடுத்துக்கொண்டிருந்தவை அவைதான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதுங்கூட. மழிப்பதற்குப் பின்னால் கிருமி பற்றிய சிந்தனை இருந்தது. தவறான முடிவும் மூடநம்பிக்கையும் ஒன்றல்ல. சரிதான். ஆனால் தொடக்கத்தில் காரணம் இருப்பதுதான் அளவுகோல் என்றால், வாசலில் செருகும் வேப்பிலைக்கும் சூடு தரும் சரக்குக்கும் காரணம் சொல்ல ஆளுண்டு. ஒரு பழக்கத்தை நம்பிக்கையாக இறுகச் செய்வது, சோதித்த பிறகும் அதை விடாத பிடிவாதம். வியன்னாப் பொது வைத்தியசாலையின் கதை இதற்குச் சரியான சான்று. 1840களில் அங்கே மருத்துவ மாணவர் பயிலும் பிரசவப் பிரிவில் ஏறத்தாழ 10 வீதத் தாய்மார் இறந்தனர். மருத்துவிச்சிகள் பயிலும் பிரிவில் 4 வீதத்தை ஒட்டியே இறந்தனர். முதற் பிரிவின் அறைகள் வழியாகப் பாதிரியார் மணியடித்துக்கொண்டு சாகக் கிடப்பவரிடம் போகிறார், அந்த ஓசை பெண்களைக் கலங்கடித்துக் கொல்கிறது என்றொரு விளக்கம் அடிபட்டது. அங்கே பணியாற்றிய மருத்துவர் இக்னாஸ் செமல்வெய்ஸ் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகவில்லை. மணியில்லாமல் வேறு வழியாக வரும்படி பாதிரியாரைக் கேட்டுக்கொண்டார். சாவு குறையவில்லை. அதன் பிறகே, பிணம் அறுத்த கையோடு பேறு பார்க்க வரும் மாணவர்கள் பக்கம் அவர் பார்வை திரும்பி, 1847இல் குளோரின் நீரில் கைகழுவச் செய்தார், சாவு சரிந்தது. மணியை நம்பியவர்களைவிட, எண்ணைப் பார்த்த பின்னும் கையைக் கழுவ மறுத்த பேராசிரியர்களே பெரிய மூடநம்பிக்கைக்காரர்கள்.

மிஸ்ஸி என்று நாம் அழைக்கும் இன்றைய தாதியருக்கென்று சில சிறு நம்பிக்கைகள் உலகெங்கும் உண்டு. பௌர்ணமி இரவில் வலிக்காரிகள் குவிவார்கள். கடமை நேரத்தில் ‘இன்றைக்கு அமைதியாயிருக்கு’ என்று யாராவது சொல்லிவிட்டால் அந்த இரவு தொலைந்தது. இவற்றைக் கிராமத்திலிருந்து ஒட்டிவந்த தூசி என்று தள்ள முடியாது. இலண்டனிலும் நியூயோர்க்கிலும் இதே பேச்சுத்தான். அடுத்த மணி நேரத்தில் என்ன வரும் என்று தெரியாமல், வந்ததற்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு மட்டும் உள்ளவர்களிடம் இவை முளைக்கின்றன. மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி டிரோபிரியண்ட் தீவுகளில் கண்டதும் அதுதான்: வாவியில் மீன்பிடிக்க மந்திரம் வேண்டியிருக்கவில்லை, ஆழ்கடலுக்குப் போகத்தான் வேண்டியிருந்தது. வாவியும் கடலும் தோளோடு தோள் கிடக்கும் நம் கரையில் இதற்கு அதிக விளக்கம் தேவையில்லை. வட கரோலினாவில் 62 சந்திர வட்டங்களில் பிறந்த 564,039 பிள்ளைகளை எண்ணிப் பார்த்த ஆய்வு, நிலாவுக்கும் பேற்றுக்கும் தொடர்பில்லை என்று 2005இல் சொன்னது. ‘அமைதி’ என்ற சொல்லையும் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுகூடத்தில் நாள் குறித்துச் சொல்லியும் சொல்லாமலும் சோதித்தார்கள், வேலை கூடவில்லை. கடலில் நிலா பொய்யல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளிச்சம் காட்டி மீன் பிடிப்பவனுக்கு முழுநிலா உண்மையிலேயே நட்டம். போதாததற்கு, நம் நாட்டில் பௌர்ணமி போயா விடுமுறை. அன்று வைத்தியசாலை வழமைபோல் இயங்காததற்கு வானத்தைப் பார்க்கத் தேவையில்லை, நாட்காட்டி போதும்.

வீட்டு நம்பிக்கைகளுக்குத் திரும்பினால், ஓரிறைக் கொள்கையை வலியுறுத்தும் தௌஹீத் சீர்திருத்தம் இந்த ஊர்களில் தாயத்தையும் நேர்ச்சையையும் கடுமையாகச் சாடியது. மூடநம்பிக்கையை அகற்றியது அதுதானே என்று கேட்கலாம். அது அவற்றைத் தள்ளியது ஷிர்க், அதாவது இணைவைப்பு, என்பதற்காக. பலன் இருக்கிறதா என்பது அங்கே கேள்வியே அல்ல. அதனால்தான் ஹதீஸில் இடமுள்ள தஹ்னீக், அதாவது பேரீச்சம்பழத்தை மென்று தடவுவது, தங்கியது, தாயத்து போனது. பிள்ளையின் வலக்காதில் பாங்கு சொல்வதற்கு எந்த விடுதியிலும் தடையில்லை, இருக்கவும் வேண்டியதில்லை.

வீட்டிலிருந்து விடுதிக்கு வரும்போது பெண் இழந்தவற்றில் பெரியது கூடவிருந்த ஆள். உம்மா வாசலோடு நின்றுவிட, அந்நியர் நடுவே தனியாக வலி காண்பது மருத்துவ ஒழுங்கு என்றே ஆகிவிட்டது. குவாத்தமாலாவில் நடந்து 1980இல் வெளியான ஆய்வொன்றில், கூட ஒரு பெண் துணையிருந்த தாய்மாருக்கு வலி நேரம் குறைந்தது. அதற்குப் பின் வந்த பல சோதனைகளும் அதே பக்கம் சாய, தாய் விரும்பும் ஒருவரை உடன் இருக்க விட வேண்டும் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. திரைச்சீலைகூட இல்லாத நெரிசலான விடுதியில் மற்றப் பெண்களின் மறைவு என்னாவது என்று தாதியர் கேட்பது நியாயமான கேள்வி, பர்தாவைப் பேணும் ஊரில் இன்னும் நியாயம். ஆனால் அது இடமும் திரையும் பற்றிய கேள்வி. கட்டடம் கட்டுகிறவர்களிடம் கேட்க வேண்டியது.