முழங்காலுக்குக் கீழே

எங்க அப்பத்தாவுக்கு விரல் நுனியெல்லாம் கீறலாத்தான் இருக்கும். கரிசக்காட்டுல பருத்தி எடுத்த கை. காய் வெடிச்சதும் ஓடு காய்ஞ்சு முள்ளு மாதிரி நிக்கும். அதுக்குள்ள விரலை விட்டுச் சுளையை மட்டும் இழுக்கணும். வெயில் ஏறிட்டா சருகு நொறுங்கிப் பஞ்சோட ஒட்டிக்கும். அதனால விடியவே மடியைக் கட்டிக்கிட்டு இறங்கிருவாங்க. கூலியும் பருத்திதான், எடுத்ததில் ஒரு பங்கு. அடுப்பெரிக்கப் பருத்திமாரு. நிலம் மட்டும் யாருடையதோ.

கரிசல் பஞ்சு எங்கே போனது என்பதற்கு ஆவணம் இருக்கிறது: 1880களிலிருந்து ஹார்வி மில்கள், தூத்துக்குடித் துறைமுகம். எடுத்தவள் என்ன உடுத்தினாள் என்பதற்கும் ஆவணம் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத்தான் யாரும் புரட்டுவதில்லை.

1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஜே. எச். ஹட்டன், இந்தியச் சாதிகள் பற்றிய தன் நூலில் குறித்திருக்கிறார். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர் மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் மாரை மறைக்கக் கூடாது, ரவிக்கை கூடாது. மீறினவர்களின் குடிசை எரிந்தது, ஆடுமாடு பறிபோனது. 1931 ஜூனில் எட்டு, பதினொன்றாக வளர்ந்தது.

ஒன்பது வருசம் முன்னால், 1921 செப்டம்பர் 22, பக்கத்து மதுரையில் காந்தி சட்டையைத் துறந்து அரைத்துணிக்கு மாறினார். ஏழைகளைப் போல உடுத்த! அந்த நாளைப் பாடப்புத்தகம் சொல்லிக் கொடுக்கிறது. சரி. அவரு வேணாம்னு கழட்டுனாரு. எங்க சனம் வேணும்னு உடுத்துனதுக்கு வீடு எரிஞ்சது.

நெய்யத் தெரியாத சனமா நாம? பறையரில் கோலியர் என்ற பிரிவினர் நெசவாளிகள் என்பதை 1909இல் வந்த தர்ஸ்டன் தொகுதிகளிலேயே பார்க்கலாம். பஞ்சும் நம்ம கையில, தறியும் நம்ம கையில. முழம் எவ்வளவுன்னு முடிவு பண்ணது மட்டும் வேற ஆளு.

அப்பத்தாவுக்கு ஹட்டனும் தெரியாது, வருசமும் தெரியாது. "அப்பல்லாம் போடக் கூடாதுப்பா" என்று மட்டும் சொல்லும். எங்கம்மா கல்யாணத்தன்னைக்குத்தான் முதல்முதலா ரவிக்கை போட்டுச்சாம். கையைத் தூக்க முடியலைன்னு சாயங்காலமே கழட்டிருச்சு. மடிச்சுப் பெட்டியில வச்சது, சாகுறவரைக்கும் அப்படியே இருந்தது.