சான்ஸ், ஃபிராங்க்

அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர், மேலாளர். கலிபோர்னியா மாநிலம் ஃபிரெஸ்னோவில் பிறந்தவர். பிறந்த ஆண்டு 1876 என்றும் 1877 என்றும் இருவிதமாகக் காணப்படுகிறது. பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர் 1898இல், பின்னாளில் கப்ஸ் எனப்பட்ட சிகாகோ அணியில் கேட்சராகச் சேர்ந்தார். பின்னர் மேலாளர் ஃபிராங்க் சீலி அவரை முதல் தளத்துக்கு மாற்றினார். சான்ஸ் அரைமனதோடுதான் இசைந்தார். 1903இல் 67 தளங்களைத் திருடி, லீகின் முதலிடத்தை இன்னொருவருடன் பகிர்ந்துகொண்டார்.

காசநோய் கண்ட சீலி 1905இல் விலக, சான்ஸ் மேலாளரானார்; ஆட்டத்தையும் விடவில்லை. 1906இல் சிகாகோ கப்ஸ் 116 ஆட்டங்களில் வென்று 36இல் மட்டுமே தோற்றது. ஆயினும் உலகத் தொடரில் அதே நகரத்து வைட் சாக்ஸிடம் வீழ்ந்தது. 1907, 1908 இரு தொடர்களிலும் டெட்ராய்டை வென்றது.

1908 செப்டம்பர் 23 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸுடன் நடந்த ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது. வெற்றி ஓட்டம் கிடைத்துவிட்டதென்று கூட்டம் மைதானத்தில் இறங்க, முதல் தளத்திலிருந்து ஓட வேண்டிய ஜயன்ட்ஸின் ஃபிரெட் மெர்க்கல் என்னும் 19 வயது இளைஞர் இரண்டாம் தளத்தைத் தொடாமலே திரும்பிவிட்டார். கப்ஸின் ஜானி எவர்ஸ் பந்தை வாங்கி அத்தளத்தை மிதித்தார். மெர்க்கல் ஆட்டமிழந்ததாகவும், அதனால் ஓட்டம் செல்லாதென்றும் நடுவர் அறிவித்தார். எவர்ஸ் கையிலிருந்தது ஆட்டத்தில் இருந்த பந்துதானா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. சமநிலையாக அறிவிக்கப்பட்ட அந்த ஆட்டம் அக்டோபர் 8இல் மீண்டும் நடந்தபோது கப்ஸ் 4–2 என வென்றது.

ஃபிராங்க்ளின் பி. ஆடம்ஸ் 1910இல் எழுதிய எட்டடிப் பாட்டு கப்ஸின் டிங்கர், எவர்ஸ், சான்ஸ் மூவரையும் ஒரே மூச்சில் சொல்லவைத்தது. அவர்கள் சேர்ந்து எதிரணியில் இருவரை ஒருசேர வெளியேற்றும் இரட்டை ஆட்டமிழப்புகளே பாட்டின் பொருள்; அவை அந்தப் புகழுக்கு ஈடானவை அல்ல என்போரும் உண்டு. டிங்கரும் எவர்ஸும் பல ஆண்டுகள் பேசிக்கொள்ளாமலே அருகருகே நின்று ஆடினர். குதிரைவண்டி ஒன்றைப் பற்றிய சண்டையே காரணம் என்பர்.

வீசப்பட்ட பந்து மேலே பட்டால் மட்டையாளருக்கு முதல் தளம் இலவசம். அதனால் சான்ஸ் விலகி நிற்கமாட்டார், தலையிலும் அடி வாங்கிக்கொண்டார். காது மந்தமானது, 1912இல் மூளையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதே ஆண்டு உரிமையாளர் சார்லஸ் மர்ஃபியுடன் ஏற்பட்ட மனக்கசப்பில் சிகாகோவை விட்டு நீங்கினார்.

பின்னர் நியூயார்க் யாங்கீஸையும் (1913–14), 1923இல் கடைசி இடம் பெற்ற பாஸ்டன் ரெட் சாக்ஸையும் நடத்தினார். 1924 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார். டிங்கர், எவர்ஸ் இருவருடனும் 1946இல் பேஸ்பால் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டார். 1908க்குப் பின் கப்ஸ் உலகத் தொடரை வென்றது 2016இல்.