சட்டாம்பிள்ளை சொல்லித்தரும் பாடம்

சுந்தரபாண்டியபுரம் மாதிரி நெல்லைச் சீமை ஊர்களில் ஒரு காலத்தில் திண்ணைதான் பள்ளிக்கூடம். வாத்தியார் ஒருத்தர், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை.

சென்னை எழும்பூரில் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கு 1789இல் தொடங்கிய விடுதிப் பள்ளியை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதையே தன் பள்ளிக்கும் எடுத்துக்கொண்டார். மாணவர்களையே ஆசிரியர்களும் ஆக்கினார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகவும் போட்டார். 'மெட்ராஸ் முறை' பரவியது.

ஆனா, அங்கே செலவு மிச்சம் என்பதே பெரிசாகிப்போச்சு. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர். படிப்பு வெறும் ஒப்பிப்பாக மாறியது. 1846இல் இங்கிலாந்து அரசு வேறு முறைக்குப் போனது.

அறுபது பேருக்குப் பாடம் எடுக்கும் கல்லூரி ஆசிரியர்களே, எங்கே இடறும் என்பது இப்போதுதான் புரிந்துகொண்டவனுக்கு நல்லாத் தெரியும். பத்து நிமிஷம் அவனைப் பக்கத்துப் பையனுக்கு விளக்கச் சொல்லுங்க. அப்புறம், கேட்டவனிடம் நீங்களே ஒரு கேள்வி கேளுங்க. அதை விட்டால் மிஞ்சுவது வெறும் சட்டாம்பிள்ளைத்தனம்தான்.