எல்லையும் வழக்கும்: ராசிங்காபுரம் – ஏலமலைப் பகுதியின் ஆட்சி வரலாறு

தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த ஊர் ராசிங்காபுரம். இவ்வட்டார மக்களின் பிழைப்பு அடிவாரத்தோடு நிற்பதில்லை. போடிமெட்டுக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்கள் வரை நீள்கிறது. ஏலம் மலையில் விளைய, அதன் சந்தை போடியில் கூடுகிறது. பொருளியலால் ஒன்றான இந்நிலப்பரப்பை ஆட்சி எல்லை இரண்டாகப் பிரிக்கிறது.

ஏலமலை திருவிதாங்கூர் ஆட்சியிலும், அடிவாரம் சென்னை மாகாணத்தின் மதுரை மாவட்டத்திலும் இருந்தன. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்கும் கோரிக்கை நிறைவேறாமையால், 1956 நவம்பர் 1இல் நிகழ்ந்த மாநிலச் சீரமைப்பிற்குப் பின்னும் இவ்வெல்லை நிலைத்தது. 1972இல் இடுக்கி மாவட்டமும், 1997இல் மதுரையிலிருந்து பிரிந்து தேனி மாவட்டமும் உருவாயின. போடி வட்டாரத்தார்க்கு மாவட்டத் தலைமையிடம் அருகில் வந்தது. மலைமேல் எல்லைக்கோடு நகரவில்லை.

இதன் விளைவை நீதிமன்ற அதிகார வரம்பில் காணலாம். 1908ஆம் ஆண்டு உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, நில உரிமை வழக்கு நிலம் அமைந்த இடத்து நீதிமன்றத்திற்கு உரியது. எனவே மலைத்தோட்டம் உடைய அடிவாரத்தார், அத்தோட்டத்தின் உரிமை வழக்கிற்கு இடுக்கி மாவட்ட நீதிமன்றங்களையே நாட வேண்டும். தொழிலாளர் இழப்பீட்டின் நிலை வேறு. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் 1995இல் செய்யப்பட்ட திருத்தம், விபத்து நடந்த இடத்தில் மட்டுமன்றித் தொழிலாளர் வழக்கமாக வசிக்கும் இடத்திலும் இழப்பீடு கோர வழிவகுத்தது. தோட்டத்தில் காயமுற்றவர் தம் மாவட்டத்திலேயே முறையிடும் உரிமை இதனால் கிடைத்தது.

நிலவழக்கு எல்லைக்குக் கட்டுப்பட, உழைப்பின் வழக்கு உழைப்பவரின் இருப்பிடம் தேடி வந்தது. ஆகவே எல்லைப்புற மாவட்டங்களின் வரலாறு, தலைமையிடங்களின் தோற்றத்தோடு வழக்குகள் தொடுக்கப்படும் இடங்களையும் கருதி எழுதப்பட வேண்டியதாகும்.