போர்ப்பகுதிக் கூட்டாய்வும் அதன் அறமும்

போர் நடக்கும் நிலத்தில் வெளிநாட்டு ஆய்வாளரும் உள்ளூர் ஆய்வாளரும் சேர்ந்து களப்பணி செய்கையில் ஆபத்து, ஊதியம், நூலில் இடம்பெறும் பெயர் ஆகியவற்றை எப்படிப் பங்கிடுவது என்பது பற்றிய துறை இது. இதன் வரலாறு உளவுச் சர்ச்சைகளில் தொடங்குகிறது.

ஆய்வு என்ற போர்வையில் நான்கு பேர் அரசுக்கு உளவு பார்த்ததாக மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1919இல் 'தி நேஷன்' இதழில் எழுதினார். அமெரிக்க மானிடவியல் சங்கமோ போவாஸையே கண்டித்தது! அந்தக் கண்டனத்தை 2005இல்தான் திரும்பப் பெற்றது.

1964இல் அமெரிக்க ராணுவத்தின் பணத்தில் 'கேம்லட் திட்டம்' உருவானது. உள்நாட்டுக் கிளர்ச்சிகள் எப்படி மூள்கின்றன என்பது அதன் கேள்வி. சிலி நாட்டு அறிஞர்களை அணுகியபோது, பணம் யாருடையது என்பது மறைக்கப்பட்டது. அங்கிருந்த நார்வே சமூகவியலாளர் யொஹான் கால்டுங் சேர மறுத்தார். ராணுவத் தொடர்பு அம்பலமானது. 1965 ஜூலையில் திட்டம் கைவிடப்பட்டது. இத்தகைய சர்ச்சைகளுக்குப் பின் 1971இல் அமெரிக்க மானிடவியல் சங்கம் தொழில்நெறி விதிகளை வகுத்தது.

அந்த விதிகளின் முதன்மைக் கவலை ஆய்வுக்குள்ளாகும் மக்களைப் பற்றியது. உடன் உழைக்கும் உள்ளூர்ச் சகா அந்தக் கணக்கில் சரியாக வரவில்லை.

அத்தகைய உள்ளூர் ஆய்வாளரான குவாத்தமாலா மானிடவியலாளர் மிர்னா மாக், 1986இல் தொடங்கிய அவான்சோ ஆய்வு நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவர். உள்நாட்டிலேயே அகதிகளான பழங்குடி மக்களைப் பற்றி ஆராய்ந்தார். 1990 செப்டம்பர் 11 அன்று, தலைநகரில் தம் அலுவலகத்துக்கு வெளியே 27 முறை கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியவர் ராணுவத் தரப்பைச் சேர்ந்தவர்; 1993இல் தண்டிக்கப்பட்டார். அரசே பொறுப்பு என்று அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. மாக்குடன் பணியாற்றிய அமெரிக்கர் எலிசபெத் ஓக்லெஸ்பி, அவரைப் பற்றி 1995இல் ஒரு கட்டுரை எழுதினார். நிலைமை முற்றினால் விமானம் ஏறிவிடலாம் என்ற வசதி வெளிநாட்டவருக்கு உண்டு. மாக் போன்றவர்களுக்கு அது சொந்த ஊர்.

கிழக்குக் காங்கோவின் புக்காவு நகர ஆய்வாளர்கள் இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார்கள். ஆயுதக் குழுக்களின் சாவடிகளைக் கடந்து தரவு திரட்டுவது தாங்கள். கேள்விகளை வகுப்பதும் நூலில் பெயர் பெறுவதும் ஐரோப்பியர்கள். இந்தக் குறைகளைச் சொல்லும் அவர்களுடைய கட்டுரைகள் 2020இல் நூலாகத் தொகுக்கப்பட்டன.

2018இல் ஐரோப்பிய ஆய்வுத் திட்டமொன்று வகுத்த உலக நடத்தை விதிகள், உள்ளூர் ஆய்வாளர்களைத் திட்டமிடும் கட்டத்திலேயே சேர்க்கச் சொல்கின்றன. 2022இல் கேப் டவுனில் கூடிய மாநாடும் சமத்துவமான கூட்டுறவை வலியுறுத்தியது.

ஆனால் போர்ப்பகுதியில் பெயரை அச்சிடுவதே சிலருக்கு உயிராபத்து. பெயர் வேண்டுமா, மறைக்க வேண்டுமா என்ற முடிவு உள்ளூர் ஆய்வாளருடையதாகவே இருக்க வேண்டும். திட்டத் தலைவருடையதாக அல்ல.